மூன்று மில்லிமீற்றர்

பஞ்சிகாவத்தையில் பதினொரு கடை ஏறி இறங்கினேன்.
கடைசிக் கடையில் நளீர் நானா
கல்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:
"அந்தச் சாமான் இனி வராது மிஸ்.
செஞ்ச ஜப்பான்காரனே மறந்திருப்பான்."

மறக்கட்டும்.
பகலில் நான் பல் செய்கிறவள்.
கொள்ளுப்பிட்டியில் ஒரு லாபின் பின்னறையில்
முகமறியாதவர்களின் கடைவாய்களை
மெழுகில் செதுக்கி, உலோகத்தில் வார்த்து,
பெயர் ஒட்டிய பெட்டியில் அனுப்புகிறவள்.
ஜீப்பின் பின்வில்லைத் தாங்கும் இரும்புக் காது இரண்டு
எனக்கு எம்மாத்திரம்
என்றுதான் நினைத்தேன்.

மட்டக்குளி வீட்டின் போர்ட்டிக்கோவில்
ஏழு மாதமாய் மரக்கட்டைகள்மேல் நிற்கிறது வண்டி.
அதன் முன்கம்பியில் றெஜியின் சாரம் காய்கிறது.
"மலைக்குப் போற ஜீப்" என்று நான் சொல்லும்போதெல்லாம்
"முதல்ல கேற்றைத் தாண்டட்டும்" என்பான்.

நகைக்கடைக் காலண்டரின் அட்டைதான் முதல் மாதிரி.
ஒரு வியாழக்கிழமை ராகுகாலத்தின் நடுவால்
கத்தரிக்கோல் போனது.
வளைத்தேன், சட்டத்தில் பிடித்துப் பார்த்தேன், நறுக்கினேன்.
அட்டை எதற்கும் சம்மதிக்கும்.
ஆறு மில்லிமீற்றர் தகடு அப்படியல்ல.
அதற்குக் கிரைண்டர் வேண்டும்,
கிரைண்டருக்கு மேல்மாடியின் அனுமதி வேண்டும்.
கைக்குழந்தை தூங்கும் நேரங்களை
நிமாஷி சிங்களத்தில் எழுதிக் கேற்றில் ஒட்டியிருக்கிறாள்.
கரண்ட் வெட்டிய காலத்து அட்டவணையைவிட
நம்பலாம் அதை.

நாலரை மணி. பொறி பறந்தது.
முதல் வெல்டிங், காகம் எச்சமிட்ட மதில்.
இரண்டாவதும் காகம்தான், கொஞ்சம் நிதானமான காகம்.
கம்பி தொடுந்தோறும் உள்ளே டீவி கண்சிமிட்ட
"கடைசி ஓவரடி!" என்று அலறினான் றெஜி.
எனக்கு அது ஒன்பதாவது கம்பி.

ஐந்தாம் நாள் கட்டைகளை உருவி வண்டியை இறக்கினோம்.
பாரம் ஏறியதும் வலது காது
சட்டத்தைப் போய் முட்டியது.
வில் தொங்கிக்கொண்டிருக்கையில் அளந்திருக்கிறேன்,
திறந்த வாயை அளந்து
மூடிய வாய்க்குப் பல் செய்ததுபோல.
லாபுக்குப் பழக வரும் பிள்ளைகளை
நான் வாய்கூசாமல் திட்டும் அதே பிழை.

மூன்று மில்லிமீற்றர்.
பல் அவ்வளவு உயர்ந்தால் மனிதன் சோறு தின்னமாட்டான்.

இரவு தூக்கமில்லை என்று எழுதினால் பொய்.
நன்றாகத் தூங்கினேன்.
மறுநாள் கடிபார்க்கும் நீலத்தாளில் நாலு துண்டைக்
கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
வலது காதை அறுத்தெடுத்து
வில் பாரம் சுமந்திருக்கும்போதே அளந்து
மீண்டும் ஒட்டினேன்.
மிச்ச மயிரிழைக்குத்தான் தாள்.
காதுக்கும் சட்டத்துக்கும் இடையில் செருகி,
றெஜியைப் பின்பலகையில் ஏற்றிக்
குதிக்கச் சொன்னேன்.
"கடி" என்றேன் ஜீப்பிடம்.
"இப்ப அரை."
நீலம் பதிந்த இடத்தில் மட்டும் அரம்.
மறுபடி தாள். மறுபடி குதி.
நிமாஷி மாடிக் கம்பியோரம் நின்று
குழந்தைக்கு எங்களை வேடிக்கை காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம்.
மலைக்கல்ல. ஒழுங்கை முனையில்
குழாய் போடத் தோண்டி
அரைகுறையாய் மூடிய பள்ளம்வரை.
இடது சக்கரம் இறங்க, வண்டி சரிந்தது.
வில் வளைந்தது, நிமிர்ந்தது.
காதுகள் ஒரு சத்தம் போடவில்லை.
ரிவர்ஸ் எடுத்து மறுபடி இறக்கினேன்.
மூன்றாம் தடவை தேவையே இல்லை.
இறக்கினேன்.

திரும்பி வருகையில் மணி இரண்டு பத்து.
தூரத்திலேயே தெரிந்தது,
நிமாஷி உதட்டில் விரல் வைத்து நிற்பது.
எஞ்சினை அணைத்தேன்.
றெஜி ஒன்றும் பேசாமல் இறங்கிச்
சாரத்தை மடித்துக் கட்டினான்.
நான் கதவுக்கு வெளியே நடந்தபடி
ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள
இருவருமாய்த் தள்ளிக்கொண்டே வந்தோம்,
கேற்றைத் தாண்டி,
உள்ளே.